அங்கே விளக்கு வச்சாச்சா?

அம்மா தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் பண்ணுவாள். வங்கியில் கவுண்டர் மூடி, அன்றைய கணக்கை முடிக்கும் நேரம் என்பதால் நானே சொல்லி வைத்த மணி அது. நாகர்கோவில் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டுதான் பேசுவாள். கொடியில் காய்ந்த துணிகளை உருவித் தோளில் போடுகிற சத்தமும் க்ளிப்புகள் டப்பாவில் விழுகிற சத்தமும் கேட்கும். "வெயிலு இன்னும் தாழல மக்ளே. சாயா குடிச்சியா?" என்பாள். அசாமில், திப்ருகரில், என் மேசைக்கு மேலே டியூப்லைட் போட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தெருவே இருட்டு. மஃப்ளர் சுற்றிய ஆட்கள் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். டிசம்பர் மாதம் அது. இரண்டு பேர் கடிகாரத்திலும் மணி ஐந்துதான். ஆனால் அவளுக்கு இன்னும் பகல் முடியவில்லை, எனக்கு ராத்திரி தொடங்கிவிட்டது.

இந்த ஒரு விஷயம் என்னை மூன்று வருஷம் விடவில்லை. மாற்றலாகி ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் பகலும் ராத்திரியும் மாறிக் கிடப்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கடிகாரமே சாட்சி சொல்லும். சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே நாடு, ஒரே மணி என்று இருக்கும்போது அந்த வித்தியாசத்தைக் காட்ட எதுவுமில்லை. "அஞ்சு மணிக்கே என்ன சோர்வு ஒனக்கு?" என்று அம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது? எனக்கு அது ஐந்து மணி மாதிரியே இல்லை.

நான்கு விடியல்

2022 ஜூனில் திப்ருகர் கிளைக்கு ஆர்டர் வந்தது. விமானத்தில் போயிருக்கலாம். ஆனால் புட்டுக்குடம், தேங்காய் எண்ணெய், வத்தல், வடகம், ஒரு தார் மட்டிப்பழம் என்று அம்மா கட்டிய மூட்டைகளுக்கு ரயில்தான் தோது. அப்பாவும் கூட வந்தார். கன்னியாகுமரியிலிருந்து சாயங்காலம் கிளம்பும் விவேக் எக்ஸ்பிரஸ் நாகர்கோவிலைத் தொட்டுக் கேரளம் வழியாக ஏறி, கோயம்புத்தூர், சேலம் தாண்டி, ஆந்திரா, ஒடிசா, வங்காளம் என்று போய் அசாமின் கிழக்கு ஓரத்தில் நிற்கும். நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல். நம் நாட்டில் ஒரே ரயில் ஓடுகிற மிக நீண்ட தடம் இதுதான். எழுபது மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

முதல் விடியல் கோயம்புத்தூர்ப் பக்கம். வழக்கம்போல் ஆறு மணி வாக்கில் சூரியன் வந்தது. இரண்டாம் நாள் விசாகப்பட்டினத்துப் பக்கம் ஐந்தேகாலுக்கே முகத்தில் வெளிச்சம் விழுந்தது. மூன்றாம் நாள் வடவங்காளத்தில் வயல்வெளி நடுவே ரயில் போய்க்கொண்டிருக்கும்போது அப்பா என்னைத் தட்டி எழுப்பினார். கிழக்கே அடிவானம் சிவந்து, தண்ணீர் நிற்கிற நெல்வயல்களில் சூரியன் துண்டு துண்டாகத் தெரிந்தது. மணி நாலே முக்கால்தான். அப்பா தன் ஹெச்.எம்.டி. வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி திப்ருகரில் இறங்கி, பூட்டிக் கிடந்த வாடகை வீட்டைத் திறந்து, தரையில் விரித்துப் படுத்தோம். விழித்தபோது ஜன்னலெல்லாம் வெயில். வேலைக்குச் சேரும் முதல் நாளே தூங்கிவிட்டேன் என்று பதறி எழுந்தேன். மணி நாலரை.

ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. நம் இந்திய நேரம் உத்தரப்பிரதேசத்து மிர்சாபூர்ப் பக்கம் போகிற 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. 1906-இலிருந்து இதுதான் கணக்கு. நாகர்கோவில் அதற்கு மேற்கே ஐந்து டிகிரி தள்ளி, திப்ருகர் கிழக்கே பன்னிரண்டு டிகிரிக்கு மேல் தள்ளி. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம் என்று வைத்தால் இரண்டு ஊருக்கும் நடுவே 70 நிமிஷம் வருகிறது. பழைய கணக்கில் மூன்று நாழிகைக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் இதோடு முடிவதில்லை. நாகர்கோவில் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருஷம் முழுக்கப் பகல் பெரிதாகக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. திப்ருகரில் டிசம்பர்ப் பகல் பத்தரை மணி நேரம், ஜூன் பகல் பதினாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை விசித்திரமானது. டிசம்பரில் விடிகாலை அவ்வளவாக வேறுபடாது, அங்கே 5.50, இங்கே ஆறரை. சாயங்காலத்தில்தான் பிரிவோம், அங்கே 4.25-க்குச் சூரியன் இறங்கிவிடும், இங்கே 6.08. ஜூனில் இது தலைகீழ். சாயங்காலம் அரை மணி நேர வித்தியாசம்தான், விடியலில் ஒன்றே முக்கால் மணி நேரம். முதல் வருஷம் ஒரு டைரியில் இரண்டு ஊரின் உதயத்தையும் அஸ்தமனத்தையும் எழுதி வந்தேன். வீட்டு நினைப்பு அதிகமான நாட்களில் அந்தப் பக்கங்களைப் புரட்டுவேன்.

சின்ன ஊர் என்ற வகையில் இரண்டுக்கும் நிறைய ஒற்றுமை உண்டு. அங்கும் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் பாக்கும் வெற்றிலையும்தான் நீட்டுவார்கள், பெயரே 'தாமோல்'. நம் தாம்பூலத்தை அவர்கள் வாயில் கேட்டபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. நாம் சித்திரை விஷுவுக்குக் கனி காணும் நாட்களில் அவர்கள் போஹாக் பிஹு கொண்டாடுவார்கள். மழையும் அப்படித்தான். மழைக்குப் பஞ்சமில்லாத ஊரில் பிறந்ததால் அசாம் மழை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. ஆற்றைத்தான் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. 1950 நிலநடுக்கத்துக்குப் பிறகு பிரம்மபுத்திரா படுகை மேடேறி, ஊரின் ஒரு பகுதியையே அரித்துக்கொண்டு போனது. அதன் பிறகு கட்டிய கரைமேல் நின்றுதான் இன்று ஊர் ஆற்றைப் பார்க்கிறது.

அந்தக் கரையில்தான் எனக்கு நாகர்கோவில் ஞாபகம் அதிகம் வரும். டிசம்பரில் கன்னியாகுமரியில் பொழுது சாய்வதைப் பார்க்கக் கூட்டம் கூடுவது ஐந்தரைக்குப் பிறகு. திப்ருகரில் நாலு மணிக்கே கரையில் ஆட்கள் நிற்பார்கள். அதுவும் யார்? வயசானவர்கள், சின்னப் பிள்ளைகள், ஜால்முரி என்கிற காரப்பொரி விற்கிறவர். அலுவலகம் போகிற ஒருவர்கூட அங்கே இருக்க மாட்டார். இருக்க முடியாது. ஐந்து மணி, ஆறு மணி வரை உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். ஊரில் நான் மணிமேடைப் பக்கம் பஸ் இறங்கி, கோட்டாறு வரை கடை கடையாகப் பார்த்து நடந்தே வீட்டுக்குப் போனவள். வேலை முடிந்த பிறகு எனக்கென்று ஒரு துண்டு பகல் மிச்சம் இருந்தது. திப்ருகரில் குளிர்காலம் முழுக்க, லீவு நாள் தவிர, சாயங்கால வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. ஆறு மணிக்கு வெளியே வரும்போது இருட்டி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். ஏழரைக்கெல்லாம் பாதிக் கடைகள் ஷட்டர் இறக்கிவிடும். தனியாக நடக்கிற பெண்ணுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் எவ்வளவு பெரிது என்பதைப் பெண்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்து மணி

இவ்வளவுக்கும் பிறகும், நாடு முழுக்க ஒரே நேரம் இருப்பதுதான் சரி என்று நான் உறுதியாக நினைத்துக்கொண்டிருந்தேன். கஷ்டம் என்னுடையது, வெளியூர்க்காரியின் பழக்கமின்மை, போகப் போகச் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த எண்ணம் மாறியது ஒரு செப்டம்பர் கடைசியில், துர்கா பூஜைக்குச் சில நாட்கள் முன்னால்.

பூஜை சமயத்தில் தேயிலைத் தோட்டங்களில் போனஸ் போடுவார்கள். கணக்கில் பணம் ஏறியதும் கிளையில் நிற்க இடமிருக்காது. அதற்காகச் சீக்கிரமே போனேன், ஒன்பதேகால் இருக்கும். பூட்டிய ஷட்டருக்கு முன்னால் படியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். குடையை மடியில் குறுக்கே வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் உறையில் போட்ட பாஸ்புக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வலது கை ஆள்காட்டி விரல் ஓரமெல்லாம் இலைக் கறை ஏறிக் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "பத்தேகால் ஆச்சே மேடம், இன்னும் திறக்கலையே?" என்றார். என் ஹிந்தியும் அவர் ஹிந்தியும் ஒன்றுக்கொன்று ஈடு. சித்தியை அங்கே மாசி என்பார்கள். "இல்லை மாசி, ஒன்பதேகால்தான்" என்று என் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் தன்னுடையதைக் காட்டினார். சின்ன டயல், கறுப்பு வார். முட்கள் பத்தேகாலில் நின்றன. நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச் தவறாக இருக்கிறது, திருத்தி வைக்கிறேன் என்று கையை நீட்டினேன். சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இது சரியாத்தான் ஓடுது மேடம். இது தோட்டத்து மணி."

காவலாளி உள்ளூர்க்காரர். அவர்தான் எனக்கு விளக்கினார். 'பாகான் டைம்' என்பார்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், சூரிய வெளிச்சத்தை வீணாக்காமல் இலை பறிக்க வேண்டும் என்று தோட்டத்துக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். கூடுதலாக இலை எடுப்பதுதான் அவர்கள் கணக்கு. துரைமார் போன பிறகும் அந்த மணி போகவில்லை. தோட்டத்தில் மணி அடிப்பது, வேலைக்கு ஆள் சேர்வது, சாப்பாட்டு இடைவேளை, இலை நிறுப்பது எல்லாம் அந்தக் கணக்கில்தான். வேலியைத் தாண்டி வெளியே வந்தால் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட வேண்டும். அந்த அம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. பாங்கு வேலைக்கு எப்போதும் மகன்தான் வருவானாம். அவனுக்குக் காய்ச்சல். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தவர், போனஸ் நினைப்பில் மணியை மாற்றிப் பார்க்க மறந்துவிட்டார்.

பத்து மணி வரை நான் எதுவும் செய்து கொடுக்க முடியாது. பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போனேன். இரண்டு பேரும் பால் இல்லாத சிவப்புச் சாயா குடித்தோம். அவர் பறித்த இலையாகக்கூட இருக்கலாம். "எதுக்கு மாசி ரெண்டு மணி வச்சுச் சிரமப்படணும்?" என்று கேட்டேன். "உங்க மணிக்கு வேலைக்குப் போனா, கடைசி எடை போடுறதுக்குள்ள இருட்டிரும். அப்புறம் எப்ப விறகு பொறுக்க, எப்ப தண்ணி எடுக்க?" என்றார். தோட்டத்தில் வேலை விட்டு வீடு வந்து, முற்றத்தில் உட்கார்ந்து பேத்திக்குத் தலைவாரி விடும்போதும் வெளிச்சம் இருக்கும் என்றார். நாகர்கோவிலில் நான் விட்டுவிட்டு வந்த அந்தத் துண்டுப் பகல், இந்த ஊரில் இவரிடம் இருந்தது. வங்கியிலும் அலுவலகத்திலும் கல்லூரியிலும் இருக்கிற எங்களிடம்தான் இல்லை.

பிறகு அவர் கேட்டார்: "உங்க ஊர்ல சூரியன் எப்ப வரும்?"

"ஆறு மணிக்கு மேல."

"ஆறா? அது வரைக்கும் தூங்குவீங்களா?"

"இல்ல மாசி. எங்க அம்மா நாலரைக்கே எழுந்திருவாங்க. முற்றம் தூத்து, தண்ணி தெளிச்சு, கோலம் போட்டு, குளிச்சு…"

"இருட்டிலயா?" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "தினமுமா? பாவம்."

எனக்கு அந்தச் சொல் உள்ளே எங்கேயோ போய் நின்றது. ஆறு வகுப்பு தாண்டாத, நாள் முழுக்கத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கிற ஒரு பெண், நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருட்டில் கோலம் போடுகிற என் அம்மாவுக்காக வருத்தப்பட்டார். இந்த நாட்டின் நேரத்தை முடிவு செய்த எவராவது இவருக்காக இப்படி ஒரு நிமிஷம் வருத்தப்பட்டிருப்பார்களா என்று அன்று முழுக்க யோசித்தேன். அவர் வாட்சைத் திருத்த நான் கை நீட்டியது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதன் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கல்கத்தா 1948 வரை தன் சொந்த நேரத்தை வைத்திருந்தது, பம்பாய் 1955 வரை. ரயில்களோ அதற்கெல்லாம் முன்பு சென்னை வானாய்வு நிலையத்தின் மதராஸ் நேரத்தில் ஓடின. அதுவே நிலைத்திருந்தால் திப்ருகர் இன்னும் ஒன்பது நிமிஷம் பின்தங்கியிருக்கும். திப்ருகருக்கு மேற்கே இருக்கிறது டாக்கா; அங்கே சூரியன் பிந்தித்தான் உதிக்கும். ஆனால் டாக்காவின் கடிகாரம் நம்மைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் நாட்டின் நேரத்தைப் பராமரிக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளே 2018-இல் கட்டுரை எழுதி, வடகிழக்குக்கு ஒரு மணி நேரம் முந்திய தனி நேரம் வேண்டும், இரண்டு நேரத்தையும் பிரிக்கிற கோட்டை அசாமும் மேற்கு வங்காளமும் சேருகிற குறுகலான எல்லையில் போடலாம் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்ன அந்த நேரம் அப்படியே பாகான் டைம்தான். படித்ததும் அந்த அம்மாவின் கறுப்பு வார் வாட்ச் கண்ணில் நின்றது. அரசு இதை ஏற்கவில்லை. ரயில் குழப்பம், ஒற்றுமை என்று மறுப்பவர்கள் காரணம் சொல்கிறார்கள். ரயில் பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஒற்றுமைக் காரணத்தை இப்போது என்னால் ஏற்க முடியவில்லை. குளிர்காலம் முழுக்க ஒரு பக்கத்து மக்களை இருட்டில் வீட்டுக்கு நடக்க விட்டுத்தான் நாம் ஒன்றாக இருக்க முடியும் என்றால், அந்த ஒற்றுமையின் பாரத்தை அவர்கள் மட்டும் சுமக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, நாலரை ஆறு

அம்மாவிடம் இதையெல்லாம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன். "ஆமா மக்ளே" என்பாள். மறுநாள் ஐந்து மணிக்கு அதே மொட்டை மாடி, அதே கேள்வி. அவளுக்குப் புரிந்தது அந்த டிசம்பரில், நான் சற்றும் எதிர்பார்க்காத வழியில்.

குவாஹாட்டியில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயில், நாலே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். "ஞாயித்துக்கெழம நாலரை ஆறு ராகு காலம். அப்ப எறங்காண்டாம் மக்ளே. முன்னக்கூட்டியே எறங்கி ஸ்டேஷன்ல போய் இரி" என்றாள். பெட்டி இன்னும் கட்டவில்லை. "அம்மா, இங்க சூரியனே அஸ்தமிச்சாச்சு" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு நிதானமாகச் சொன்னேன். உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கை ராகு காலம் என்கிறோம். ஆறுக்கு உதித்து ஆறுக்கு அடைந்தால் அது நாலரையிலிருந்து ஆறு. இங்கே 5.50-க்கு உதித்து 4.25-க்கு அடைந்துவிட்டது. ஒரு பங்கு 79 நிமிஷம். ஆக, மூன்று மணி வாக்கில் தொடங்கிய ராகு காலம் நாலரைக்கு முன்பே கழிந்துவிட்டது.

அம்மா போனை அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துவரப் போனது கேட்டது. தாள் புரளும் சத்தம். "கணக்கு சரிதான் கேட்டியா. அந்தந்த ஊர் சூரியன்தான். அஸ்தமிச்ச பெறவு பகல் ஏது, ராகு காலம் ஏது?" என்றார், என்னிடம் இல்லை, அம்மாவிடம். மறுபடி அம்மா வந்தாள். அவள் குரல் மாறியிருந்தது. இத்தனை நாள் நான் சொன்ன இருட்டு அப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்த மாதிரி. "அப்ப அங்க வெளக்கு வச்சாச்சா மக்ளே?" என்றாள்.

"வைக்கணும்மா. இப்பதான் வைக்கப் போறேன்."

"வச்சிட்டு எறங்கு."

அதிலிருந்து ஐந்து மணிப் போன் நின்றுவிட்டது. குளிர்காலத்தில் நாலேகாலுக்கு அடிப்பாள். தினசரி நாள்காட்டித் தாளில், நல்ல நேரம் போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே, பென்சிலால் இரண்டு எண்கள் எழுதி வைக்கத் தொடங்கினாள், திப்ருகர் உதயம், அஸ்தமனம். வாராவாரம் நான் வாசித்துச் சொல்வேன். ஜூன் மாதங்களில் விடிகாலை நாலரைக்கு நான் கூப்பிடுவேன். முற்றம் பெருக்குகிற விளக்குமாற்றுச் சத்தம் கேட்கும். "விடிஞ்சாச்சா அங்க?" "விடிஞ்சு கொஞ்ச நேரமாச்சு." "இங்க இன்னும் கோழிகூடக் கூப்பிடல." தேயிலைத் தோட்டத்து அம்மா 'பாவம்' என்று சொன்னதை ஒரு நாள் சொன்னேன். "என்னையா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அவளுக்குப் பேத்தி இருக்குன்னு சொன்னியே, என்ன வயசு?" என்றாள்.

போன வருஷம் மாற்றல் கிடைத்து நாகர்கோவில் வந்துவிட்டேன். சாயங்காலங்களில் துணி எடுக்க நானும் மாடிக்குப் போவேன். நாள்காட்டியில் பென்சில் எண்கள் இப்போது இல்லை. ஆனால் சென்ற டிசம்பரில் ஒரு நாள் நாலரை மணி இருக்கும், மேற்கே வெயில் தென்னங்கீற்று வழியாக மாடியில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. அம்மா போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, மறுமுனையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அந்தத் தோட்டக்காரி இப்ப வெளக்கு வச்சிருப்பாளா மக்ளே?"

"வச்சிருப்பாங்கம்மா" என்றேன். இரண்டு பேரும் போர்வையை மடிக்கத் தொடங்கினோம்.